பக்கத்துத் தெரு அரசுப் பள்ளி நல்ல பள்ளியா என்று எப்படிப் பார்ப்பது?

கேட்டவரின் நிலைமை இது. மகளை அடுத்த ஆண்டு ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நடந்து போகும் தூரத்தில் ஓர் அரசு தொடக்கப் பள்ளி இருக்கிறது. வெளியான தேர்வு முடிவுகளில் அது நடுவாந்தரம். கட்டடம் பழசு. தெருவில் ஒருவர் “அங்கேயா சேர்க்கப் போறீங்க?” என்கிறார். இன்னொருவர் “என் ரெண்டு பிள்ளைங்களும் அங்கதான் படிச்சாங்க, நல்லாத்தான் இருக்காங்க” என்கிறார். இதில் எதை நம்புவது என்று கேட்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பள்ளி மற்ற பள்ளிகளைவிட நன்றாகக் கற்பிக்கிறதா என்பது ஒன்று. என் மகள் அங்கே ஐந்து வருடம் படித்தால் எழுத, வாசிக்க, கணக்குப் போடக் கற்றுக்கொண்டு, பயமில்லாமல் வளர்வாளா என்பது இன்னொன்று. முதலாவதுக்குத் துல்லியமாகப் பதில் சொல்ல ஆராய்ச்சியாளர்களே திணறுகிறார்கள். இரண்டாவதுக்கு, ஓரிரு காலைப்பொழுதுகளை ஒதுக்கத் தயாராக இருக்கும் எந்தப் பெற்றோருக்கும் ஓரளவு நம்பகமான பதில் கிடைக்கும். நீங்கள் கேட்க நினைப்பது இரண்டாவதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் தொடக்க வகுப்புகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன். அதன்பின் பல வருடங்கள் மற்ற ஆசிரியர்களின் வகுப்புகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்து, அவர்களோடு பேசுவதே வேலையாக இருந்தது. உங்கள் பள்ளியை நான் பார்த்ததில்லை, அதனால் சேர்க்கலாம், வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. எங்கே பார்ப்பது, எதைக் கேட்பது, எந்தத் தகவலுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதைச் சொல்ல முடியும். உங்கள் குழந்தைக்குச் செவித்திறன், பேச்சு, கற்றல் குறைபாடு போன்ற தனித் தேவை இருந்தால் அதற்குப் பார்க்க வேண்டியவை வேறு. அந்தத் துறையில் எனக்குப் பயிற்சி இல்லை.

தேர்வு முடிவுகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். 1966-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையில் ஓர் ஆய்வு வந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்ச்சியை அலசிய அந்த ஆய்வு, மதிப்பெண் வித்தியாசத்தைப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் அதிகம் விளக்குகிறது என்று கண்டது. பெற்றோரின் படிப்பு, வருமானம், வீட்டில் புத்தகம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குள் கலந்து கிடக்கின்றன. ஆக, ஒரு பள்ளியின் சராசரி மதிப்பெண்ணைப் பார்க்கும்போது அங்கே யார் படிக்கிறார்கள் என்பதைத்தான் பெருமளவு பார்க்கிறீர்கள். அந்தப் பள்ளி அவர்களுக்கு என்ன செய்தது என்பது அதில் கொஞ்சம்தான் தெரியும். கட்டணப் பள்ளிகளோடு ஒப்பிடும்போதும் இதே சிக்கல்தான். 15 வயது மாணவர்களைச் சோதிக்கும் பீசா ஆய்வின் பல சுற்றுகளில், கட்டணப் பள்ளி மாணவர்களின் சராசரி முன்னிலை, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்ததும் பெரும்பாலும் கரைந்துபோனது.

இதை வைத்துக்கொண்டு “பள்ளியால் ஒன்றும் ஆகாது, எல்லாம் வீடுதான்” என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. வாசிக்கவும் வகுக்கவும் பெரும்பாலான குழந்தைகள் கற்றுக்கொள்வது பள்ளியில்தான். பள்ளிகளுக்கு இடையிலான வித்தியாசத்தைச் சராசரி மதிப்பெண் சரியாகக் காட்டாது என்பதுதான் விஷயம்.

சின்னப் பள்ளி என்றால் இன்னொரு தொல்லை. இறுதி வகுப்பில் 20 பிள்ளைகள் இருந்தால் ஒவ்வொருவரும் 5 சதவீதம். தேர்வு நாளில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தால் தேர்ச்சி 10 சதவீதம் விழும். அடுத்த வருடம் கெட்டிக்காரக் கூட்டம் ஒன்று வந்து சேர்ந்தால் ஏறும். இந்த ஏற்ற இறக்கத்துக்கும் ஆசிரியர்களின் உழைப்புக்கும் சம்பந்தமே இருக்காது. ஒரு வருட முடிவை ஒதுக்கிவிடுங்கள், நான்கைந்து வருடங்களைச் சேர்த்துப் பாருங்கள். அதே பிள்ளைகள் ஓராண்டில் எவ்வளவு முன்னேறினார்கள் என்ற கணக்கு உங்கள் ஊரில் வெளியாகிறது என்றால், சராசரியைவிட அது பல மடங்கு மேல்.

மதிப்பெண்ணை வைத்தே பள்ளியையும் ஆசிரியரையும் எடைபோடும் இடங்களில் அந்த எண்ணே கெட்டுப்போகும் என்று டொனால்ட் கேம்ப்பெல் என்ற சமூக அறிவியலாளர் 1970களிலேயே எழுதிவிட்டார். 2011-ல் அட்லாண்டா நகரப் பொதுப் பள்ளிகளில் நடந்த மாநில விசாரணை, 44 பள்ளிகளில் விடைத்தாள் முறைகேடு நடந்ததாகவும், அதில் 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் சம்பந்தப்பட்டதாகவும் அறிக்கை கொடுத்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். தேர்வுக்கு வரும் பாடங்களை மட்டும் நடத்துவது, தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் பாட்டு, ஓவியம், விளையாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவைப்பது போன்றவை மிகச் சாதாரணம். உயர்ந்த மதிப்பெண் உள்ள பள்ளியாக இருந்தால், தேர்வு நெருங்கும் மாதத்தில் கால அட்டவணை எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

கட்டடம், கணினி, வண்ணச் சுவர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கூரை ஒழுகக் கூடாது, வெளிச்சம் வேண்டும், கழிப்பறை பயன்படும் நிலையில் இருக்க வேண்டும். அதற்கு மேல் உள்ளதெல்லாம் பார்வைக்கு நல்லது. பூட்டிய அறையில் தூசி படிந்த கணினிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பள்ளியில் அந்த அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை.

வகுப்பில் எத்தனை பேர் என்பது அப்படி ஒதுக்கக்கூடியதல்ல. 1985-ல் டென்னசி மாநிலத்தில் தொடங்கிய ஒரு சோதனையில், சின்ன வகுப்பு, வழக்கமான வகுப்பு என்று குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 13 முதல் 17 பேர் இருந்த வகுப்புகள், 22 முதல் 25 பேர் இருந்தவற்றைவிட நன்றாகச் செய்தன. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் கூடுதல். ஆனால் 1996-ல் கலிஃபோர்னியா அவசர அவசரமாக வகுப்புகளைச் சுருக்கியபோது, முழுப் பயிற்சி பெறாதவர்களைப் பெருமளவில் வேலைக்கு எடுக்க வேண்டியதாகிவிட்டது. பலனும் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. 30 பேரை நன்றாக நடத்தும் ஆசிரியரா, 18 பேரோடு தடுமாறும் ஆசிரியரா என்றால் நான் முதலாமவரிடம்தான் குழந்தையை விடுவேன். ஆனால் 50 பேர் என்றால் எவ்வளவு கெட்டிக்கார ஆசிரியராக இருந்தாலும் ஒவ்வொரு நோட்டையும் பார்க்க நேரம் இருக்காது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மாணவர்களின் மதிப்பெண் வித்தியாசத்தில் பெரும்பகுதி பள்ளிகளுக்கு இடையில் இல்லை, ஒரே பள்ளியின் சுவர்களுக்குள்ளேயே இருக்கிறது. இதையும் கோல்மன் ஆய்விலேயே பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்து அறையில் இருக்கும் இரண்டு ஆசிரியர்களுக்கு இடையிலான தூரம், பேர்பெற்ற பள்ளிக்கும் பேரில்லாத பள்ளிக்கும் உள்ள தூரத்தைவிட அதிகமாக இருப்பதை நானே திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். எந்த ஆசிரியர் கிடைப்பார் என்பதைப் பெற்றோர் தேர்ந்தெடுக்க முடியாது. ஐந்து வருடத்தில் ஒருவராவது சுமாரானவராகத்தான் அமைவார். அப்படி ஒரு வருடம் வரும்போது குழந்தை பின்தங்கினால், அதை யாராவது கவனிப்பார்களா, கவனித்து ஏதாவது செய்வார்களா? ஒரு தொடக்கப் பள்ளியை எடைபோட எனக்கு ஒரே ஒரு கேள்விதான் அனுமதி என்றால் இதைத்தான் கேட்பேன்.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், வாசிப்பு அப்படிப்பட்டது. கானி ஜூவெல் என்ற ஆய்வாளர் 54 குழந்தைகளை ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை தொடர்ந்து பார்த்து 1988-ல் எழுதினார். ஒன்றாம் வகுப்பு முடிவில் வாசிக்கத் தடுமாறிய குழந்தை, நான்காம் வகுப்பு முடிவிலும் தடுமாறுவதற்கான வாய்ப்பு 0.88. ஒரே ஒரு பள்ளியில் நடந்த சின்ன ஆய்வு அது, அந்த எண்ணை அப்படியே எல்லா இடத்துக்கும் பொருத்தக் கூடாது. ஆனால் திசை சரி. வாசிக்க வராத குழந்தை குறைவாக வாசிக்கும், குறைவாக வாசிப்பதால் சொற்கள் சேராது, மூன்றாம் வகுப்பில் மற்ற பாடங்களே புத்தகத்தைப் படித்துப் புரிந்துகொள்ளும் பாடங்களாக மாறும்போது எல்லாவற்றிலும் பின்தங்கும். “போகப் போகச் சரியாகிவிடும்” என்பது சில குழந்தைகளுக்கு உண்மை. தலையிடாமல் விட்டால் பலருக்கு அது நடப்பதில்லை.

ஆகவே தலைமை ஆசிரியரைச் சந்திக்கும்போது இப்படிக் கேளுங்கள்: “இரண்டாம் வகுப்பு முடிக்கிற நேரத்தில் வாசிக்க வராத பிள்ளைகள் இருந்தால் என்ன செய்வீர்கள்?” சண்டைக்குக் கேட்பதுபோல் இருக்கக் கூடாது, தெரிந்துகொள்ளும் ஆர்வத்தோடு கேளுங்கள். நான் கேட்ட பதில்கள் பெரும்பாலும் மூன்று விதம். “எங்கள் பள்ளியில் அப்படி யாரும் இல்லை” என்பது முதல் விதம். இருக்கத்தான் செய்வார்கள். இல்லை என்று சொல்பவர் பார்க்கவில்லை, அல்லது சொல்ல விரும்பவில்லை. “என்ன செய்ய, வீட்டில் உட்கார வைத்துச் சொல்லித் தருவதில்லை” என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கலாம், ஆனால் நம் கேள்விக்கு இது பதிலே இல்லை. மூன்றாவது விதப் பதிலில் விவரம் இருக்கும். “இந்த வருடம் ஆறு பேர். காலையில் முதல் அரைமணி நேரம் அவர்களை ஒரு டீச்சர் தனியாக உட்கார வைத்துப் பார்க்கிறார். மாதம் ஒருமுறை நானே வாசிக்க வைத்துக் கேட்பேன். நான்கு பேர் தேறிவிட்டார்கள், ஒருவன் கண்ணாடி போட்டதும் சரியாகிவிட்டான், இன்னொருத்திக்கு என்ன செய்வதென்று இன்னும் பிடிபடவில்லை.” இப்படிச் சொல்லும் தலைமை ஆசிரியர் இருக்கும் பள்ளியில், கட்டடம் எவ்வளவு பழசாக இருந்தாலும், நான் தைரியமாகச் சேர்ப்பேன். குறிப்பாக அந்த “இன்னும் பிடிபடவில்லை”க்காக.

அடுத்து, வகுப்பறை. அனுமதி கிடைத்தால் ஒன்றாம் வகுப்பிலோ இரண்டாம் வகுப்பிலோ இருபது நிமிடம் உட்காருங்கள். பல பள்ளிகள் அனுமதிக்காது. அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கலாம், அதை மட்டும் வைத்துத் தப்பாக நினைக்க வேண்டாம். உட்கார்ந்தால் ஆசிரியரை அதிகம் பார்க்காதீர்கள், அவர் எப்படியும் உங்களுக்காக நன்றாகத்தான் நடத்துவார். பிள்ளைகளைப் பாருங்கள். கேள்வி கேட்டதும் யார் பதில் சொல்கிறார்கள்? முன்வரிசையில் இருக்கும் அதே நான்கு பேரா? ஜன்னலோரம் கடைசியில் இருக்கும் பையனிடம் அந்த இருபது நிமிடத்தில் யாராவது ஒரு வார்த்தை பேசினார்களா?

ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். மேரி பட் ரோ என்பவர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை வைத்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிபோலத்தான் காத்திருந்தார்கள், பிறகு தாங்களே பதில் சொன்னார்கள், அல்லது அடுத்தவரைக் கேட்டார்கள். மூன்று நொடி காத்திருக்கப் பழகியதும் பதில்கள் நீண்டன, அதுவரை வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி என்பது உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், வகுப்பறையில் அது மிக நீண்ட நேரம். அதைப் பொறுமையாகத் தாங்கும் ஆசிரியர் நிச்சயமாக வேலை தெரிந்தவர்.

தப்பான பதிலுக்கு என்ன நடக்கிறது என்பது இன்னும் பெரிய தடயம். ஒரு குழந்தை 42-லிருந்து 17-ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கவனக்குறைவாகத் தோன்றும், ஆனால் அதற்குள் ஒரு தெளிவான யோசனை இருக்கிறது. 2-லிருந்து 7-ஐக் கழிக்க முடியாது, அதனால் 7-லிருந்து 2-ஐக் கழித்துவிட்டது. ஒரு ஆசிரியர் “தப்பு, அடுத்து யார்?” என்று நகர்வார். இன்னொருவர் “எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்” என்று கேட்பார். குழந்தை சொல்லும். உடனே அதே தப்பைச் செய்த இன்னும் ஐந்து பேர் வகுப்பில் இருப்பது தெரியவரும், பாடம் அங்கிருந்து திரும்பும். வாசிப்பிலும் அப்படியே. தெரியாத சொல் வந்ததும் குழந்தை எழுத்துகளைக் கூட்டி வாசிக்க முயல்கிறதா, படத்தைப் பார்த்துவிட்டு ஊகிக்கிறதா, அல்லது ஆசிரியர் முகத்தைப் பார்க்கிறதா? எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பை முறையாகக் கற்றுக்கொடுப்பது பலன் தரும் என்பது இந்தத் துறையில் உறுதியாகத் தெரிந்த சில விஷயங்களில் ஒன்று. ஊகிக்கப் பழகிய குழந்தை ஒன்றாம் வகுப்பில் நன்றாக வாசிப்பதுபோல் இருக்கும், படமில்லாத பக்கம் வரும்போது மாட்டிக்கொள்ளும்.

வகுப்பில் உட்கார முடியாவிட்டால் நோட்டுகளைப் பாருங்கள். என்னைக் கேட்டால் இருபது நிமிட வகுப்பைவிட ஐந்து நோட்டு அதிகம் பேசும். பள்ளி எடுத்துக் காட்டும் நோட்டு வேண்டாம், அது வகுப்பிலேயே அழகான கையெழுத்து உள்ள பிள்ளையுடையதாக இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தையுடையதும், அதே வகுப்பில் படிக்கும் இன்னொரு குழந்தையுடையதும் கிடைத்தால் போதும். இரண்டிலும் வரிக்கு வரி ஒரே வாக்கியங்கள் என்றால் கரும்பலகையைப் பார்த்து எழுதிய நோட்டு அது. எழுதப் பழக அதுவும் தேவைதான், ஆனால் நோட்டு முழுக்க அப்படியே இருந்தால் அந்த வகுப்பில் யாரும் யோசித்து ஒரு வாக்கியம் எழுதவில்லை என்று பொருள். பிறகு சிவப்பு மை. தப்பான விடைக்கு மேலேயே டிக் அடித்திருக்கிறதா என்று பாருங்கள், அப்படி நிறைய இருக்கும். பார்க்காமலே டிக் அடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். தப்பைச் சுழித்து, அதற்குக் கீழே குழந்தை திருத்தி எழுதி, மறுபடி ஆசிரியர் பார்த்திருக்கிறார் என்றால் அது வேறு ரகம். பத்து நாளுக்கு ஒருமுறை அப்படி இருந்தாலும் எனக்குத் திருப்தி. கடைசியாக, ஆண்டுத் தொடக்கத்துப் பக்கத்தையும் இப்போதைய பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வளர்ச்சி தெரிகிறதா? தேர்வு முடிவு எதுவும் சொல்லாததை அந்த இரண்டு பக்கங்கள் சொல்லும்.

இடைவேளை நேரத்தில் வாசலில் நின்று பாருங்கள். பெரியவர் யாராவது மைதானத்தில் இருக்கிறார்களா? பிள்ளைகள் சக பிள்ளைகளை மிரட்டித் துன்புறுத்தும் பள்ளிக்கூட அடாவடியைப் பற்றி ஸ்காண்டிநேவியாவில் டான் ஓல்வெயுஸ் செய்த ஆய்வுகளில் ஒன்று, இடைவேளையில் மேற்பார்வைக்கு ஆள் கூடுதலாக இருந்த பள்ளிகளில் அது குறைவாக இருந்ததைக் காட்டியது. கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், அல்லது அங்கே படிக்கும் ஒரு பெண் குழந்தையைக் கேளுங்கள். கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. அது உடம்பையும் கெடுக்கும், படிப்பையும் கெடுக்கும். இது பெரிய செலவு பிடிக்கும் விஷயமல்ல. பள்ளியை நடத்துபவருக்குக் குழந்தையின் நாள் எப்படிப் போகிறது என்பதில் அக்கறை இருக்கிறதா என்பதை இது காட்டிவிடும்.

ஆசிரியர் விடுப்பு எடுத்தால் அந்த வகுப்பை யார் பார்ப்பார்கள் என்றும் கேளுங்கள். இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்கார வைப்பது எப்போதாவது என்றால் சரி. மாதத்தில் பாதி நாள் அப்படி என்றால், அல்லது அலுவலக வேலைக்காக ஆசிரியர்கள் அடிக்கடி வெளியே போகிறார்கள் என்றால், மற்றது எதுவும் நல்லதாக இருந்து பயனில்லை. குழந்தைகளின் வருகையும் அப்படித்தான். பல இடங்களில் பள்ளி நாட்களில் 10 சதவீதத்துக்கு மேல் வராத குழந்தையை எச்சரிக்கைப் பட்டியலில் வைக்கிறார்கள். இரண்டு மூன்று நாள் வராத குழந்தையின் வீட்டுக்கு யாராவது தகவல் கேட்கிறார்களா என்பது நல்ல கேள்வி.

தெருப்பேச்சுக்கு வருவோம். ஒரு பள்ளியின் பேர் அதன் நிலைமைக்குச் சில வருடம் பின்னால்தான் வரும். நல்ல தலைமை ஆசிரியர் மாற்றலாகிப் போன பிறகும் “அருமையான பள்ளி” என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். மோசமாக இருந்த பள்ளி திருந்தி மூன்று வருடம் ஆன பிறகும் “அங்கேயா?” என்பார்கள். அதனால் இப்போது அங்கே பிள்ளை படிக்கிறவர்களை மட்டும் கேளுங்கள், அதுவும் நாலாம், ஐந்தாம் வகுப்புப் பெற்றோரை. “நல்ல பள்ளியா?” என்று கேட்டால் மரியாதைக்கு “நல்லாத்தான் இருக்கு” என்பார்கள். “கடைசியாக எதற்காகப் பள்ளியில் கூப்பிட்டார்கள்?” என்று கேளுங்கள். “நீங்கள் ஏதாவது குறை சொன்னதுண்டா, அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். சிகாகோவில் அந்தோனி பிரைக் குழுவினர் 1990களில் நூற்றுக்கணக்கான அரசு தொடக்கப் பள்ளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆசிரியர்கள், தலைமை ஆசிரியர், பெற்றோர் ஆகியோருக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளே முன்னேற அதிக வாய்ப்பிருந்தது. குறை சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிகிறதா, குழந்தை மேல் காட்டிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டியிருக்கிறதா என்பதில் அந்த நம்பிக்கையின் அளவு தெரியும்.

இதுவரை சொன்னதில் வாசிப்பு, வருகை, நோட்டுத் திருத்தம் பற்றியவற்றை உறுதியாகச் சொல்வேன். சில விஷயங்களில் அந்த உறுதி இல்லை. வீட்டுப்பாடம் நிறையக் கொடுப்பது நல்ல பள்ளியின் அடையாளம் என்று பலர் நினைக்கிறார்கள். ஹாரிஸ் கூப்பர் குழுவினர் 2006-ல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தொடக்க வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு மிகப் பலவீனமாகத்தான் இருந்தது. தினமும் பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லும் பள்ளி போதும் என்பது என் கருத்து, நிரூபணம் இல்லை. கூடப் படிக்கும் பிள்ளைகளின் பின்னணி எவ்வளவு பாதிக்கும் என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை. பாதிப்பு இருக்கிறது, ஆனால் பெற்றோர் பயப்படும் அளவுக்கு இல்லை என்பதுதான் நான் பார்த்தது. ஏழை நாடுகளில் பள்ளியின் தரம் குடும்பத்தைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது என்று ஹேன்மன், லாக்ஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் 1983-ல் காட்டினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை அவ்வளவாக ஆதரிக்கவில்லை. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. அப்புறம், ஒரு நாள் பார்வை ஒரு நாள் பார்வைதான். அன்றைக்கு மழை, பாதிப் பேர் வரவில்லை, ஆசிரியருக்குத் தலைவலி என்று இருக்கலாம். இரண்டு தடவை போக முடிந்தால் போங்கள்.

சிலவற்றில் மட்டும் சமரசமே வேண்டாம். குழந்தையை அடிக்கும் பள்ளி, எல்லோர் முன்னாலும் கேலி செய்யும் ஆசிரியர், “மக்கு பெஞ்ச்” என்று தனி வரிசை, பெற்றோர் வாசலைத் தாண்டி வரவே கூடாது என்ற விதி. இதில் ஒன்றை நேரில் பார்த்தால், மதிப்பெண் எவ்வளவு உயரமாக இருந்தாலும் வேறு பள்ளி பாருங்கள்.

உங்கள் விஷயத்தில், நடுவாந்தரத் தேர்வு முடிவும் பழைய கட்டடமும் எனக்குக் கவலை தரவில்லை. நடந்து போகும் தூரம் என்பது பெரிய வசதி. தினமும் ஒரு மணி நேரம் வண்டியில் அலையும் ஆறு வயதுக் குழந்தைக்குத் தூக்கமும் விளையாட்டும் குறையும். பள்ளி பக்கத்தில் இருந்தால் நீங்களும் அடிக்கடி எட்டிப் பார்க்கலாம், ஆசிரியருக்கு உங்கள் முகம் தெரியும். தலைமை ஆசிரியரின் பதில் அந்த மூன்றாவது விதத்துக்குக் கிட்டத்தட்ட வந்தால் சேர்த்துவிடுங்கள்.

சேர்த்த பிறகும் பார்வையை எடுக்காதீர்கள். இந்தியாவில் 2005-லிருந்து பிரதம் அமைப்பு வீடு வீடாகப் போய்ச் செய்யும் அசர் ஆய்வில் ஓர் எளிய வாசிப்புச் சோதனை உண்டு: எழுத்துகள், சொற்கள், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு சின்னப் பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. அதே வரிசையை நீங்கள் வீட்டில் செய்யலாம். பள்ளிப் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள், மனப்பாடமாக இருக்கும். குழந்தை இதுவரை பார்க்காத புத்தகத்தில் ஒரு பக்கம் எடுங்கள். முதல் ஆண்டு பாதியில் எழுத்துகள் பெரும்பாலும் தெரிய வேண்டும், ஆண்டு முடிவில் எளிய சொற்களைக் கூட்டி வாசிக்க வேண்டும், இரண்டாம் ஆண்டு முடிவில் சின்னப் பத்தியைத் தட்டுத்தடுமாறியாவது வாசித்து என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். இது நான் வைத்துக்கொள்ளும் அளவு, மொழிக்கு மொழி, குழந்தைக்குக் குழந்தை மாறும். பின்தங்கியிருந்தால் முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். பிறகு ஆசிரியரிடம் போய், நீங்கள் வாசிக்க வைத்த பக்கத்தையும் காட்டி, என்ன செய்யலாம் என்று கேளுங்கள். ஆறு வாரம் கழித்து அதே மாதிரி இன்னொரு பக்கத்தை வாசிக்க வையுங்கள். அதற்குள் ஆசிரியர் எதுவும் செய்யவில்லை, தலைமை ஆசிரியரிடம் சொல்லியும் அசைவில்லை என்றால், மாற்றுவதைப் பற்றி யோசிக்க அதுதான் நேரம். மூன்றாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம்.